யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? என்எஃப்எஸ் இணைப்பைத் திறந்து பார்ப்போம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமா பையன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். ஒரு கணினியில் வீடியோ, இன்னொன்றில் ஆல்பம் வேலை. பென்டிரைவோடு நடந்து நடந்து அலுத்தவன், “ஏதாவது பண்ணு மச்சான்” என்றான். இரண்டிலும் உபுண்டு லினக்ஸ். ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொன்றில் தன்னுடையது போலவே திறக்க வைக்கும் என்எஃப்எஸ் போட்டுக் கொடுத்தேன். 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது, இன்றும் உழைக்கிறது.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: சர்வர்

ஃபோல்டரைக் கொடுக்கும் கணினிதான் சர்வர். இங்கே அது வீடியோ உள்ள கணினி. அதில் ‘என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்’ பேக்கேஜை நிறுவுங்கள். ‘ஈடிசி’ ஃபோல்டரில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற ஃபைலைத் திறந்து, எந்த ஃபோல்டர், எந்த ஐபி (இன்னொரு கணினியின் நெட்வொர்க் முகவரி), படிக்க மட்டுமா எழுதவுமா என்று ஒரே வரியில் எழுதுங்கள். அனுமதிக்கான அடைப்புக்குறி ஐபியை ஒட்டியே வரவேண்டும். நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்தால், எழுதும் அனுமதி அந்த ஐபிக்குப் பதிலாக ஊருக்கே போய்விடும்!

அந்த வரி நடைமுறைக்கு வர ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’ கொடுத்துவிட்டு, இணைப்புகளைக் காட்டும் ‘எஸ்எஸ் -டிஎல்என்’ அடியுங்கள். 2049 என்ற போர்ட் (இணைப்பு வந்துசேரும் கதவு எண்) ‘லிசன்’ நிலையில் தெரியும். சர்வர் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை, கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 2: கிளையன்ட்

ஃபோல்டரைக் கேட்டு வாங்கும் ஆல்பம் கணினிதான் கிளையன்ட். இங்கே ‘என்எஃப்எஸ்-காமன்’ பேக்கேஜ் போதும். சர்வரின் ஃபோல்டரை இங்கே பொருத்தும் ‘மவுன்ட்’ கட்டளை கொடுத்ததும் கிளையன்ட்தான் முதலில் கூப்பிடுகிறது. “பேசலாமா?” “பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?” “கேட்கிறது.” இந்த மூன்று செய்தியில் டிசிபி இணைப்பு உருவாகிவிடும். பிறகு கிளையன்ட் தான் யாரென்று சொல்லி ஒரு செஷன் தொடங்கும்.

இப்போது ‘எஸ்எஸ் -டிஎன்’ அடித்துப் பாருங்கள். எதிர்முனையில் 2049. நம் முனையில் 871 மாதிரி ஓர் எண். லினக்ஸ் வழக்கமாக 665 முதல் 1023 வரை ஒன்றை எடுத்துக்கொள்ளும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் (கணினியின் முழு அதிகாரம் உள்ள கணக்கு) மட்டும்தான் எடுக்க முடியும் என்பது யூனிக்ஸ் காலத்து நம்பிக்கை. சர்வரும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தது இங்கேதான். என் லேப்டாப்புக்குள் இன்னொரு கணினி மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷினிலிருந்து மவுன்ட் செய்தால் அனுமதி இல்லை, இல்லவே இல்லை. நடுவில் இருந்த நேட் (இணைப்பின் முகவரியை மாற்றி அனுப்பும் அமைப்பு) போர்ட் எண்ணைப் பெரிதாக மாற்றியிருக்கிறது. எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ‘இன்செக்யூர்’ சேர்த்ததும் சரியானது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரிய போர்ட்டையும் ஏற்றுக்கொள் என்பதுதான் பொருள்.

படி 3: சர்வர் திருப்பிக் கூப்பிடும்போது

“இந்த ஃபைல் கொஞ்ச நேரம் உன் பொறுப்பு” என்று சர்வர் கிளையன்ட்டிடம் ஒப்படைப்பது உண்டு. வேறொருவர் அதைக் கேட்டால் திரும்ப வாங்கவேண்டும். என்எஃப்எஸ் 4.0 பதிப்பில் இதற்காக சர்வரே கிளையன்ட்டுக்குத் தனி இணைப்பு திறக்கும். கிளையன்ட்டின் ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டும் காவல்) அதைத் தடுத்தால் ஒப்படைப்பு நடக்காது. மவுன்ட் மட்டும் வழக்கம்போல ஓடும், அதனால் கோளாறு கண்ணில் படாது. 4.1 முதல் கிளையன்ட் திறந்த அதே இணைப்பிலேயே சர்வரும் பேசிக்கொள்ளும். எனவே 4.1-க்குக் கீழே போகாதீர்கள்.

பழைய 3-ஆம் பதிப்பு திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கிற மாதிரி. முதலில் 111 என்ற போர்ட்டில் கேட்டு, மவுன்ட் சேவை எந்த போர்ட்டில் இருக்கிறதென்று தெரிந்து, பிறகு அங்கே போகவேண்டும். 4-க்கு 2049 ஒன்றே போதும்.

ஃபைல்களைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் குளஸ்டர்எஃப்எஸ் மாதிரியானவற்றில் கிளையன்ட் முதலில் 24007 போர்ட்டில் விவரம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சர்வருக்கும் நேராகத் தனி இணைப்பு திறக்கும்.

படி 4: கரண்ட் போய் வந்தால்

பராமரிப்பு மின்தடை அன்று சர்வர் அணைந்தது. யுபிஎஸ்ஸில் இருந்த ஆல்பம் கணினி உறைந்து நின்றது. அதை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ‘ஹார்ட்’ மவுன்ட் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சர்வர் எழுந்ததும் கிளையன்ட்டே மறுபடி இணைப்பைத் திறக்கும். அதன்பிறகும் புது ஃபைல் திறக்க 90 நொடி வரை ஆகலாம். பழைய பூட்டுகளை (யார் எந்த ஃபைலைப் பிடித்திருந்தார் என்பதை) அவரவர் திரும்பக் கோர சர்வர் கொடுக்கும் அவகாசம் அது. மாமா பையன் அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறான்.