கப்பித் தொட்டியில் எதை விற்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம்?

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கப்பி (guppy) என்ற சின்ன அலங்கார மீனுக்கு நன்றாக ஒத்துப்போகும். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் வன்னீர் அதற்குப் பிடித்தது. அதனால் வளவுக்குள் நாலு சீமெந்துத் தொட்டி கட்டியவர்களுக்குக் குஞ்சு எடுப்பது பெரிய வேலையில்லை. சில தலைமுறை போனதும்தான் வால் சிறுக்கிறது, நிறம் மங்குகிறது, முதுகு வளைந்த குஞ்சுகள் கூடுகின்றன. உடனே தீனியைக் குறை சொல்வோம்.

வாங்க வருபவர் பெரியதும் வடிவானதுமாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போவார். மிஞ்சியவைதான் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன். அதாவது மெதுவாக வளர்வதையும் நிறம் குறைந்ததையும் நாமே தெரிந்தெடுத்துப் பெருக்குகிறோம். இனவிருத்திக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, அப்புறம் தொட்டியைக் காட்டுங்கள். எவ்வளவு விலை சொன்னாலும் ஒதுக்கியதைக் கொடுக்காதீர்கள். காசைக் கண்ட இடத்தில் இது கஷ்டம்தான்.

ஒரு சோக்கான ஆண் கிடைத்துவிட்டால் எல்லாப் பெண்களோடும் அதையே விடுவது இன்னொரு பழக்கம். 1 ஆணும் 19 பெண்ணும் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி, அதை 4 ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் 3.8 வரும். தொட்டியில் 20 மீன் நீந்தினாலும் பரம்பரைக் கணக்கில் நாலுகூட இல்லை. சொந்தத்துக்குள் கலப்பது தலைமுறைக்குச் சுமார் 13 சதவீதம் ஏறும். அதே 20 மீனை 10 ஆண், 10 பெண் என்று வைத்தால் 2.5 சதவீதம்தான்.

ஆணை மட்டும் பார்ப்பதும் பிழை. கப்பி ஆணின் பல நிறக்கோலங்கள் ஆணிடம் மட்டும் இருக்கும் வை (Y) நிறமூர்த்தம் வழியாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகின்றன என்பது உண்மை. 1920இல் டென்மார்க் உயிரியலாளர் யொகானஸ் ஷ்மிட் இதைக் காட்டினார். ஆனால் உடம்பின் பருமனும் வளர்ச்சியும் தாயிடமிருந்தும் வருகின்றன. நிறமில்லாத பெண்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது.

பெண் கப்பி ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைக்கும். வளர்ந்த பெண்ணை வாங்கி நீங்கள் விரும்பிய ஆணோடு விட்டாலும், வரும் குஞ்சுக்குத் தகப்பன் பழைய தொட்டியில் இருக்கலாம். அதனால் குஞ்சுகளை மூன்று நாலு கிழமையிலேயே ஆண் வேறு, பெண் வேறாகப் பிரித்துவிடுங்கள். அந்த வயதில் ஆணின் குதச்செட்டை விசிறி வடிவம் மாறிக் கூராகத் தொடங்கும். பெண்ணுக்குக் குதத்தருகே கறுத்த புள்ளி தெரியும்.

தெரிவு செய்யும்போது ஒரே வயது, ஒரே தீனி, ஒரே நெருக்கத்தில் வளர்ந்தவற்றை ஒப்பிடுங்கள். இடம் தாராளமாகக் கிடைத்த மீன் பெருத்திருப்பது பரம்பரைக் குணமல்ல.

புது இரத்தம் வேண்டுமென்றால், அதே வகையை வேறொரு பண்ணையிலிருந்து எடுத்து, சில கிழமை தனியே வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு வகையோடு கலந்தால் முதல் குஞ்சுகள் ஒரே மாதிரி, பார்க்க நன்றாகவும் இருக்கலாம். அவற்றின் பிள்ளைகள் ஆளுக்கொரு கோலத்தில் நிற்கும். கழித்த மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். மாரி வெள்ளத்தில் அது எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.