பீரோவைத் திறந்து வையுங்கள்: தொடக்கப்பள்ளியில் நூலகம் நடத்தும் விதம்

முதல் வேலை, பீரோ பூட்டைக் கழற்றுவது. எங்கள் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி அறை இருப்பது அபூர்வம். தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ இருக்கும்; அதற்குள்தான் எல்லாப் புத்தகங்களும். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டிவிடுகிறோம்.

நான் மன்னார்குடி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 1931-இல் மேலவாசல் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து, சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் புத்தகங்களை அனுப்பிய ஊர்ப்பக்கம் இது. அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் புத்தகமாக வந்தன. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. அப்படிப்பட்ட மண்ணில் பூட்டிய பீரோவைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பூட்டைக் கழற்றியாச்சா? ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரம் போதும். படக்கதைகளைத் துணி கிளிப்பால் மாட்டுங்கள், அட்டை முன்பக்கம் தெரியும்படி. எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். அடுக்கில் முதுகு மட்டும் தெரிந்தால் அதற்கு எதுவும் தெரியாது. கீழே இரண்டு கோரைப்பாய். வாரத்துக்கு ஒருமுறை புத்தகங்களை மாற்றி மாட்டுங்கள்.

டெல்டாவில் புத்தகத்துக்கு எமன் ஐப்பசி, கார்த்திகை மழைதான். சுவர் ஓதம் ஏறி அட்டை பூசணம் பிடிக்கும். பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மழை விட்டதும் புத்தகங்களை விரித்து நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் மொரமொரப்பாகிவிடும். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சுக் கட்டி வைப்பது வழக்கம். நமக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும். பாச்சை உருண்டை மட்டும் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும்.

சரி, இனி வாசிப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தினமும் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படம் பிள்ளைகள் பக்கம் இருக்கட்டும். பக்கம் திருப்பும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எந்தப் பதிலையும் தப்பு என்று சொல்லாதீர்கள். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தாலே பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பதிலைத் தேட ஆரம்பிக்கிறார்கள். "டீச்சர், இன்னொரு தடவை" என்று கேட்டால் அதே கதையை மறுபடி படியுங்கள். மூன்றாம் தடவை படிக்கும்போது அவர்களே வரிகளைச் சொல்வார்கள். எழுத்து பிடிபடுவது அங்கேதான். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கையில் இருந்தால், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் நுழை, நட, ஓடு, பற என்ற நிலை வரிசை உதவும். ஆனால் 'பற' படிக்கிற பிள்ளை 'நுழை'யை எடுத்தால் தடுக்காதீர்கள். தம்பிக்குப் படித்துக் காட்ட எடுத்துப்போகலாம்.

இரவல் கொடுப்பதை ஐந்தாம் வகுப்பிடம் விடுங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம்: பெயர், புத்தகம், எடுத்த நாள், கொடுத்த நாள். எழுத வராத பிள்ளை தன் அடையாளமாக மீனோ பூவோ வரையட்டும். அபராதம் வேண்டாம். அபராதம் என்றால் புத்தகம் வீட்டுக்கே போகாது. கிழிந்து வந்தால் மைதாப் பசையும் மெல்லிய வெள்ளைத் தாளும் கொடுத்து, கிழித்தவரையே உட்கார வைத்து ஒட்டச் சொல்லுங்கள். செல்லோ டேப் சில வருடத்தில் மஞ்சள் கறையாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிள்ளைகளே செய்யும் புத்தகம். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து, மடிப்பில் ஊசிநூல் கோத்தால் எட்டுப் பக்கம் தயார். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். பள்ளி திறப்பதும் ஜூன்தான். கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் அன்றைக்கு, வாய்க்கால் கரைக்கே கூட்டிப்போங்கள். நுரையோடு முதலில் என்ன மிதந்து வந்தது, யார் வந்து பார்த்தார்கள், அப்பா என்ன சொன்னார் என்று பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். நடவு நேரத்தில் ஆத்தாவிடம் நடவுப்பாட்டு கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பேசுகிறபடியே எழுதட்டும், திருத்த வேண்டாம். பெயர் போட்டு அட்டை ஒட்டி, அதே கயிற்றில் மாட்டுங்கள். இருப்புப் பதிவேட்டிலும் எண் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அதிகம் இரவல் போவது இவைதான்.

கோடை விடுமுறைக்கு முன் கணக்கெடுப்பு என்று எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி அடுக்கிவிடாதீர்கள். கணக்கைக் கடைசி வேலைநாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்து, ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். மிச்சத்தை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, தெருவில் பிள்ளைகள் கூடும் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் வைக்கலாம். எங்கள் ஊரில் சத்துணவு சமைக்கும் அக்கா வீட்டில் வைக்கிறோம். நோட்டும் பென்சிலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.