மரத்தடி நிழலுக்கு ஒரு கோப்ரா லில்லி

கொடைக்கானலில் எங்கள் பேரிக்காய் மரத்தடி ரோஜாவுக்கு ஆகாது, வெயில் போதாது. கோப்ரா லில்லிக்கு அதுவே தோது. சேனைக்கிழங்கின் உறவுக்காரச் செடி, அரிசீமா இனம். நம் சோலைக்காடுகளிலும் மழைக்காலத்தில் முளைக்கும். அங்கே போய்த் தோண்ட வேண்டாம். நர்சரியில் வளர்த்த கிழங்கையே வாங்குங்கள்.

மண்ணில் இலைமக்கும் கொஞ்சம் மணலும் கலந்து, சரிவான இடத்தில் 10 செ.மீ. ஆழத்தில் நடலாம். வேர் கிழங்கின் மேல்பக்கம், முளையைச் சுற்றித்தான் விடும். மேலாக நட்டால் அது காய்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

முளை வரத் தாமதமாகும். செத்துவிட்டது என்று கிளறாதீர்கள். நான் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிடுவேன்.

ஒரே தண்டு, அதன் உச்சியில் குடைக்கம்பிபோல் விரியும் இலை. கீழே படமெடுத்த பூ, பச்சையில் ஊதாக்கோடு. சின்னக் கிழங்கு ஆண் பூ விடும். பருத்தபின் அதுவே பெண்ணாகும்! ஆண் பூவின் அடியில் சிறு இடுக்கு இருக்கும். உள்ளே விழுந்த பூச்சி மகரந்தத்தோடு அதன் வழியே தப்பிவிடும். பெண் பூவில் அந்த வழி கிடையாது, மகரந்தம் சுமந்து வந்த பூச்சி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பாவம்தான், ஆனால் விதை வேண்டுமே.

விதை எடுக்கச் சிவந்த பழங்களைக் கையுறை போட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் அரிப்பு உயிரை வாங்கும். அப்புறம், இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.