நல்ல தண்ணீர் எது? வினாப்பட்டியலையும் நேர்காணலையும் சேர்த்துக் கள ஆய்வு செய்யும் முறை

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் சில சிற்றூர்களைத் தேர்ந்துகொண்டு, ஒரு வீட்டில் யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை என் முதுகலை ஆய்வுக்காகக் கேட்டு எழுதினேன். முதல் மூன்று வாரங்களில் வினாப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சேர்த்த விடைகளில் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. எந்த இடத்தில் பிழை நேர்ந்தது என்று கண்டுபிடித்துத் திருத்திய பிறகே ஆய்வு நிமிர்ந்தது. முதன்முறையாகக் களத்துக்குப் போகும் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். பண்புசார் ஆய்வுக்கும் (பேசிப் பொருள் அறிவது) அளவுசார் ஆய்வுக்கும் (எண்ணிக் கணக்கிடுவது) உள்ள வேறுபாடு, ஆய்வு பங்கேற்பவர்களுக்குத் தீங்கு செய்யாததா என்று பார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் பெறும் முறை ஆகியவை வகுப்பிலேயே சொல்லித் தரப்படுவதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

பின்னணி தெரிந்தால்தான் பின்னால் வரும் எடுத்துக்காட்டுகள் விளங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்குப் பல்லில் காவி படிகிறது, நாளடைவில் மூட்டும் எலும்பும் பாதிக்கப்படுகின்றன. இதற்குத் தீர்வாகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008-இல் தொடங்கப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஏன் அடுப்படியை விட்டுப் போகவில்லை என்பதே என் கேள்வி.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குடிநீர்ப் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு, அது கேள்வி ஆகாது. யார், எங்கே, எதை, ஏன் என்ற நான்கும் உங்கள் வாக்கியத்தில் இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதி களக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வினாப்பட்டியலுக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள்

பண்புசார் ஆய்வில் சர்வேக்கு இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரில் என்னென்ன வகை வீடுகள் இருக்கின்றன, அவற்றில் எந்த வீட்டில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேச வேண்டும் என்பதைச் சொல்லும் வழிகாட்டியாக வினாப்பட்டியல் மிக நன்றாகப் பயன்படும். நூற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்குச் சொல்வதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் நாற்பது வீடுகளை நம் வசதிப்படி தேர்ந்தெடுத்துவிட்டு மாவட்டத்துக்கே விகிதம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் குறைந்தது மூன்று திறந்த வினாக்களாக, சொந்தச் சொற்களில் விடை சொல்ல இடம் தருவனவாக இருக்க வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, கைப்பேசியில் வினாப்பட்டியலை நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் என் தேர்வு. கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழில் கேள்விகளை அமைக்கலாம், சிக்னல் இல்லாத மலையோர ஊர்களிலும் விடைகளைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம். கூகுள் ஃபார்ம்ஸ் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி விடை பெறுவது இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொருந்தாது. கைப்பேசி வீட்டு ஆண்களிடம் இருக்கிறது, தண்ணீர் பிடிப்பவர்கள் பெண்கள்.

மூன்றாம் படி: ஊர்ச் சொல்லில் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான். என் பட்டியலில் நான்காவது கேள்வி, "உங்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறதா?" என்பது. ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் "கிடைக்கிறது" என்றார்கள். எல்லோரும் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பாட்டி வீட்டில் அதே கேள்வியைக் கேட்டேன். "நல்ல தண்ணிதான் கண்ணு, அதுக்கென்ன கொறை" என்றார். நானும் "ஆம்" என்ற கட்டத்தை அழுத்திவிட்டேன். சமையல் நேரம் என்பதால் உட்காரச் சொல்லிவிட்டு, மூலையில் மூடியிருந்த பித்தளைக் குடத்திலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு உலையில் ஊற்றி, துவரம்பருப்பைக் கழுவிப் போட்டார். "உப்புத் தண்ணியில இது வேவவே வேவாது. இந்தத் தண்ணியில பூவாட்டம் வெந்துரும், அதான் நல்ல தண்ணி" என்று சொன்னபோதுதான், இந்தக் குடத்தை எங்கே பிடித்தீர்கள் பாட்டி என்று கேட்கத் தோன்றியது. தெருமுனை மினி டேங்கில் பிடித்ததாகச் சொன்னார். அது ஆழ்துளைக் கிணற்று நீர்.

இங்கே நல்ல தண்ணீர் என்றால் உப்புக் கரிக்காத, பருப்பு வேகும் தண்ணீர் என்று பொருள். பருப்பை வேகவிடாமல் தடுப்பது நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கடினத்தன்மை. புளோரைடோ பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில்தான் மிகுதியாகக் கரைந்து நிற்கும், ஏனென்றால் சுண்ணாம்பு மிகுந்தால் அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். எனவே நாக்குக்கு இனிப்பாகவும் பருப்புக்கு இணக்கமாகவும் இருக்கும் நீரே புளோரைடு மிகுந்த நீராகவும் இருக்கலாம். அந்தப் பாட்டி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் தம் சொல்லுக்கு உரிய பொருளில் விடை சொன்னார், நான் என் சொல்லுக்கு உரிய பொருளில் அதைப் பதிந்தேன். மூன்று வாரத்து விடைகளும் இப்படித்தான் சேர்ந்திருந்தன.

இதன் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தேன். முதலாவதாக, வினாப்பட்டியலைத் திருத்தி எழுதும் முன்பே இரண்டு நாள்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்று, மக்கள் தண்ணீருக்கு வழங்கும் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டேன்: ஆத்துத் தண்ணி, போர் தண்ணி, உப்புத் தண்ணி, நல்ல தண்ணி, கேன் தண்ணி. இரண்டாவதாக, கருத்தைக் கேட்கும் வினாவை எடுத்துவிட்டு, "இன்று காலை நீங்கள் குடித்த தண்ணீர் எந்தக் குடத்தில் இருந்தது? அந்தக் குடத்தை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டேன். குடிக்க, குழந்தைக்கு, சோறு வடிக்க, களி கிண்ட, மாட்டுக்கு என ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி வரி கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு நீர் என்று கட்டம் போட்டால் உண்மை வெளியே நின்றுவிடும். மூன்றாவதாக, திருத்திய பட்டியலை ஐந்து பேரிடம் படித்துக் காட்டி, "நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று கேட்டேன். விடை கேட்காமல், கேள்வி எப்படிப் புரிகிறது என்று கேட்கும் இந்த முன்சோதனைக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைச் செலவிட்டிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

நான்காம் படி: வாசலில் நிற்கும்போது

கையில் தாளும் பேனாவும் வைத்திருப்பவரைப் பார்த்தால் கடன் வசூலிக்க வந்தவர் என்றோ, திட்டத்துக்குப் பெயர் எழுத வந்தவர் என்றோ நினைப்பது இயல்பு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு, "அந்த ஆயிரம் ரூபாய்க்கா எழுதுறீங்க?" என்ற கேள்வி எனக்குப் பல வாசல்களில் வந்தது. அதற்குத் தெளிவாக விடை சொல்லாமல் உள்ளே போனால், வசதியைக் குறைத்தும் குறையைக் கூட்டியும் சொல்வார்கள். அதற்கு அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. இதனால் எந்த உதவித் தொகையும் கிடைக்காது, யாருடைய தொகையும் நிற்காது, நான் படிக்கும் மாணவி, கல்லூரிக்காகக் கேட்கிறேன் என்பவற்றை முதலிலேயே சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் அஞ்சுகிறவர்களிடம், சம்மதத்தை ஒலிப்பதிவில் வாய்மொழியாகப் பெறலாம். நெறிக்குழுவிடம் முன்கூட்டியே இதற்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

குடிநீர் பற்றிய ஆய்வு என்று சொல்லுங்கள்; அது உண்மை. புளோரைடு என்ற சொல்லை முதலில் எடுத்தால் எல்லோரும் ஆற்றுத் தண்ணீர் என்றே விடை சொல்வார்கள். வயது வந்த பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பல் காவியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம், அது அவர்களுடைய கல்யாணப் பேச்சோடு சேர்ந்த வருத்தம்.

ஐந்தாம் படி: யாரிடம் நீண்ட நேர்காணல்?

வினாப்பட்டியல் விடைகளை ஒரு மேசையில் பரப்பி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தெருவில், ஒரே குழாயடியில், அடுத்தடுத்த வீடுகள் வேறு வேறு தண்ணீரைக் குடித்தால் அந்த இரண்டு வீட்டிலும் பேச வேண்டும். எத்தனை நேர்காணல் என்று எல்லோரும் கேட்பார்கள். கானா, நைஜீரியா நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் காட்டியது. அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே வகைச் சூழலில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு 12 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கும் காலனிக்கும், மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.

மாமியார் முன்னிலையில் மருமகளிடம் கேட்டால் மாமியாரின் விடைதான் வரும். குழாயடிக்கோ ஆடு மேய்க்கும் இடத்துக்கோ உடன் போய்ப் பேசுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மாலையில்தான் கிடைப்பார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஆண்களைப் பார்க்கப் பொங்கலும் ஆடிப் பதினெட்டும் ஏற்ற நாள்கள்.

ஆறாம் படி: குழுவும் வரைபடமும்

ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். கோயில் திண்ணையில் குழுவைக் கூட்டினால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியே கூட்டுங்கள். கோலமாவைக் கொடுத்துத் தரையிலேயே ஊர் வரைபடம் போடச் சொன்னால், எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு, எது எப்போது வறண்டது என்பதெல்லாம் கேட்காமலே வரும். வரைந்தவர்களின் முகம் விழாமல் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: எழுதி எடுப்பதும் குறியிடுவதும்

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுதி எடுக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சு விரைவாக இருந்தாலும், "வேவுது" என்பதை "வேகிறது" என்று மாற்றிவிடுவதால் நான் கையாலேயே தட்டச்சு செய்கிறேன். முதல் ஐந்து நேர்காணல்களை அச்செடுத்து வண்ணப் பென்சிலால் குறியிடுங்கள், அதாவது ஒவ்வொரு பகுதியும் எதைச் சொல்கிறது என்று அருகில் ஒரு சிறு பெயர் எழுதுங்கள். அதன் பிறகு டாகெட், குவால்கோடர் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களில் ஒன்றுக்குப் போகலாம். தொடங்குபவர்களுக்கு டாகெட் எளிது.

ஒரு பகுதியைக் காட்டுகிறேன். "ஆத்துத் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா வருது கண்ணு. பேத்திக்குப் பால் கரைக்க அதுல ஒரு கொடம் தனியா மூடி வெச்சிருவேன். எங்களுக்கு என்ன, போர் தண்ணி போதும்." இதில் முதல் வாக்கியத்துக்கு "வரத்து இடைவெளி" என்றும், இரண்டாவதற்கு "குழந்தைக்கு ஒதுக்கல்" என்றும், மூன்றாவதற்கு முதலில் "அறியாமை" என்றும் குறியிட்டேன். மறுவாசிப்பில் அந்தக் குறியீடு தவறு என்று தெரிந்தது. ஆற்றுத் தண்ணீர் எதற்கு நல்லது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்ததனால்தான் பேத்திக்கு எடுத்து வைத்தார். "தன் பங்கை விட்டுக்கொடுத்தல்" என்று மாற்றினேன். இதே குறியீடு மற்ற நேர்காணல்களிலும் வந்து, குறைவாகக் கிடைக்கும் நீர் வீட்டுக்குள் வயதுப்படி பங்கிடப்படுகிறது என்ற கருப்பொருளாக வளர்ந்தது. உங்கள் குறியீடு அவர்களுடைய செயலைச் சொல்கிறதா, அவர்களைப் பற்றிய உங்கள் தீர்ப்பைச் சொல்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் எழுதியவற்றிலிருந்து

மென்பொருளில் தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் அப்படித்தான் ஆகும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஏற்றுங்கள். பிடிஎஃப் கோப்பாக ஏற்றாமல் வேர்டு கோப்பாகவோ வெறும் உரைக் கோப்பாகவோ ஏற்றினால் எழுத்துகள் உடையா.

பெயரை மாற்றினால் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிற்றூரில் அது போதாது. "சத்துணவு அமைப்பாளராக இருக்கும் கைம்பெண்" என்று எழுதினால் ஊரே கண்டுகொள்ளும். தொழிலையோ குடும்ப நிலையையோ ஏதேனும் ஒன்றை நீக்குங்கள், ஊர்ப் பெயரையும் எழுதாதீர்கள்.

ஓசூர்ப் பக்கம் ஆய்வு செய்யும் ஒரு மாணவர், தம் ஊர்களில் பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவதால் நேர்காணலை நேராகத் தமிழில் எழுதிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம். அவர்கள் சொன்ன சொல்லைத் தமிழ் எழுத்திலேயே அப்படியே எழுதி, அருகில் பொருளை எழுதுங்கள். தெலுங்கில் குடிநீரை "மஞ்சி நீள்ளு" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் நல்ல தண்ணீர்தான். அதைக் "குடிநீர்" என்று மட்டும் நீங்கள் எழுதிவிட்டால், எந்தக் குடத்தைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.