வண்டியின் நம்பர் பிளேட் திருடு போனால் என்ன செய்வது? முதன்முறை சிக்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நம்பர் பிளேட் காணாமல் போனதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, புதுசு எங்கே போட்டுத் தருவார்கள் என்பதுதான். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் தேதியில் இந்த நேரத்துக்குப் பிறகு அந்தப் பிளேட் உங்கள் வசம் இல்லை என்று எழுத்தில் ஒரு பதிவு உண்டாக்க வேண்டும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்தப் பதிவைச் சுற்றித்தான் போகும்.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்தத் தகட்டை எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. திருடியவனுக்கு வேண்டியது உங்கள் எண். பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடவும், சுங்கச்சாவடியில் கட்டணத்தை உங்கள் தலையில் கட்டவும், கேமராவைப் பற்றிக் கவலைப்படாமல் வேகமாகப் போகவும் அது உதவும். இன்னும் பெரிய ஆட்கள், திருடிய காருக்கு அதே மாடல், அதே நிறத்தில் இருக்கும் வேறொரு காரின் எண்ணை மாட்டுவார்கள். ரோந்துப் போலீஸ் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். திரையில் வருவது உங்கள் வண்டியின் விவரம் அல்லவா! இதை ‘குளோனிங்’ என்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: திருட்டா, தானாக விழுந்ததா?

பதறாமல் குனிந்து, பிளேட் இருந்த இடத்தைப் பாருங்கள். எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

ஸ்க்ரூக்கள் இரண்டும் சுத்தமாகக் கழன்று போயிருந்தால், யாரோ ஸ்க்ரூடிரைவர் வைத்து நிதானமாக எடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ அப்படியே இருந்து, அதைச் சுற்றிப் பிளேட்டின் கிழிந்த துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பிரேம் ஒரு பக்கமாக வளைந்து, கீழ் விளிம்பில் நெம்பிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பர் பெயின்டில் புதிய கீறல் இருந்தால் அதுவும் தடயம்தான்.

தானாக விழுவதும் உண்டு. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது முன்பக்கப் பிளேட்டைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். துருப்பிடித்த ஒற்றை ஸ்க்ரூவில் ஆடிக்கொண்டிருந்த பிளேட்டும் வழியில் எங்காவது விழுந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் வந்த வழியில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள், ஆனால் அதே வண்டியில் போக வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் அதற்கும் புகார் தேவைதான். விழுந்த பிளேட்டை எடுத்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பிளேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு திருட்டுப் பிளேட்டை மாட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் இடம் கண்ணை உறுத்தும், வேறு எண் உறுத்தாது. வாரக்கணக்கில் அடுத்தவர் எண்ணோடு சுற்றிக்கொண்டிருப்போம். அதனால் பின்பக்கம் போயிருந்தால் முன்பக்க எண்ணையும் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். அந்நியப் பிளேட் மாட்டியிருந்தால் கழற்ற வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அதில் கைரேகை இருக்கலாம். போலீஸ் வந்து எடுக்கட்டும்.

படி 2: படம் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டி நிற்கும் இடம் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம், பிளேட் இருந்த இடத்தைக் கிட்டத்தில் ஒன்று, மீதமிருக்கும் பிளேட்டை ஒன்று எடுத்தால் போதும். வண்டிக்கே உரிய அடையாளங்களையும் எடுத்து வையுங்கள்: கதவில் இருக்கும் சொட்டை, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், சக்கரத்தின் டிசைன், மேற்கூரைக் கம்பி. இவை எதற்கு என்பது கடைசியில் புரியும்.

படத்தைவிட முக்கியம் நேரம். நீங்கள் கவனித்த நேரம் உங்களுக்கே தெரியும். கடைசியாகப் பிளேட் வண்டியில் இருந்த நேரத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ‘நேற்று இருந்தது என்று நினைக்கிறேன்’ என்பது பின்னால் உதவாது. எண்ணைக் கேமராவில் படிக்கும் வாகன நிறுத்தத்தில் விட்டிருந்தீர்களா? அந்த ரசீதில் நேரம் இருக்கும். அலுவலக வாசல் பதிவேடு, டேஷ்கேம், பக்கத்து வீட்டுச் சிசிடிவி, போனில் தற்செயலாக எடுத்த படம் என்று எல்லாவற்றையும் புரட்டுங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதனால் அதை அன்றைக்கே கேளுங்கள். ‘செவ்வாய் இரவு 9 மணிக்கும் புதன் காலை 7 மணிக்கும் இடையில்’ என்று சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 3: போலீஸ் புகார்

ஒரு தகட்டுக்கா இவ்வளவு என்ற பார்வை வரலாம். வந்தால் வரட்டும். பல ஊர்களில் இணையத்திலோ போனிலோ புகார் கொடுக்கலாம், நேரில்தான் வரவேண்டும் என்றால் போய்விடுங்கள். நீங்கள் கையோடு வாங்கிவர வேண்டியது புகார் எண்ணும், எழுத்தில் ஒரு நகலும். வாய்மொழியாகச் ‘சொல்லிவிட்டோம், பார்த்துக்கொள்கிறோம்’ என்பது பதிவு ஆகாது.

புகாரில் இவை கட்டாயம் இருக்கட்டும்: பதிவு எண், முன்பக்கமா பின்பக்கமா இரண்டுமா, வண்டி நின்ற இடம், மேலே சொன்ன நேர இடைவெளி, சேசிஸ் எண். சேசிஸ் எண் பெரும்பாலான வண்டிகளில் 17 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக அப்படி விட்டிருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழைப் பார்த்து எழுதும்போது ‘ஓ’ போலத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். பிளேட்டின் ஓரத்தில் கீறல், ஷோரூம் பெயர், லேசர் எண் என்று ஏதாவது அடையாளம் இருந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

நகல் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும், பின்னால் உங்களைக் காப்பாற்ற வேண்டிய அந்தக் காகிதம் வேறு யாருடைய வண்டியையோ காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

படி 4: வண்டியை ஓட்டலாமா?

பெரும்பாலான நாடுகளில் பிளேட் இல்லாமல் சாலையில் ஓட்டுவது குற்றம். புகார் நகல் கையில் இருப்பது ஓட்ட அனுமதி ஆகாது. போலீஸ் நிறுத்தினால் விளக்கம் சொல்ல அது உதவும், அவ்வளவுதான். சில இடங்களில் தற்காலிக அனுமதியோ தற்காலிகப் பிளேட்டோ தருவார்கள். புகார் கொடுக்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவது, மீதமிருக்கும் முன் பிளேட்டைப் பின்னால் மாட்டிச் சமாளிப்பது, இரண்டும் வேண்டாம். வண்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

படி 5: பதிவு அலுவலகம், இன்சூரன்ஸ்

போலீஸுக்குச் சொன்னாலே பதிவு அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தனியாகத் தெரிவியுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பிளேட்டுக்காக இழப்பீடு கேட்பது பெரும்பாலும் லாபமில்லாத வேலை. ஆனால் உங்கள் எண்ணில் வேறொருவன் விபத்து செய்துவிட்டு ஓடினால், அவர்களிடம் முன்கூட்டியே தகவல் இருப்பது நல்லது. சுங்கக் கட்டணம் எண்ணை வைத்துத் தானாகக் கழியும் கணக்கு, பார்க்கிங் ஆப் இருந்தால் அங்கேயும் அந்த எண்ணை நிறுத்தி வையுங்கள்.

படி 6: புதுப் பிளேட்

இதில் நாட்டுக்கு நாடு நடைமுறை மாறுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகள் எல்லாவற்றிலும் உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். நீல நிற அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த தனி எண்ணும் கொண்ட அதைத் தெருமுனைக் கடையில் அடிக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட வழியில்தான் வாங்க வேண்டும், அப்போது புகார் நகல் தேவைப்படும். பிரிட்டனில் பதிவு பெற்ற விற்பனையாளரிடம் அடையாளச் சான்றும் வண்டி ஆவணமும் காட்டினால், அதே எண்ணில் செய்து தருவார்கள். ஜெர்மனியில் கதையே வேறு. திருடு போன எண்ணை முடக்கிவிட்டு வண்டிக்குப் புது எண் கொடுப்பார்கள். மீதமிருக்கும் ஒற்றைப் பிளேட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜெர்மன் முறைதான் உருப்படியானது. அதே எண்ணில் புதுப் பிளேட் மாட்டினால் சாலையில் அந்த எண்ணுக்கு இரண்டு வண்டிகள் ஓடும் வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் ஊரில் எண்ணை மாற்றிக்கொள்ள வழி இருந்தால், அலைச்சல் அதிகம் என்றாலும் யோசித்துப் பாருங்கள். மாற்றினால் இன்சூரன்ஸ், சுங்க அட்டை, பார்க்கிங் அனுமதி, வண்டிக் கடன் கொடுத்த வங்கி என்று எல்லா இடத்திலும் புது எண்ணைப் பதிய வேண்டும்.

எந்த ஆவணமும் கேட்காமல் எந்த எண்ணையும் அடித்துத் தருகிறோம் என்கிற இணையக் கடைகள் பக்கம் போகாதீர்கள். திருடர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள்.

படி 7: செய்யாத குற்றத்துக்கு அபராதம் வந்தால்

பிளேட் போய்ச் சில வாரம் கழித்து, நீங்கள் போகாத ஊரிலிருந்து வேக மீறல் நோட்டீஸ் வரும். தொகை சின்னது, கட்டித் தொலைப்போம் என்று தோன்றும். கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நோட்டீஸை எதிர்த்து வாதாடும்போது, முதலாவதை ஏன் கட்டினீர்கள் என்ற கேள்வி வரும். சில நாடுகளில் லைசென்ஸில் தண்டனைப் புள்ளியும் ஏறும். குப்பையில் போடுவது இன்னும் மோசம், ஏனென்றால் பதில் தர வேண்டிய கெடு அதிலேயே இருக்கும்.

முதலில் படத்தைக் கேளுங்கள். எண் மட்டும் தெரியும் துண்டுப் படம் போதாது, முழு வண்டியும் தெரிய வேண்டும். வந்ததும் படி 2இல் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கதவில் சொட்டை இருக்கும், அதில் இருக்காது. உங்கள் வண்டியில் மேற்கூரைக் கம்பி இருக்கும், அதில் இருக்காது. சக்கரத்தின் டிசைனைக் கட்டாயம் பாருங்கள். எண்ணையும் நிறத்தையும் பார்த்து மாட்டுகிறவன் சக்கரம் வரை பொருத்தம் பார்ப்பது அபூர்வம்.

பிறகு ஒரு சிறு கடிதம். உணர்ச்சிவசப்பட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம், இந்த அளவே போதும்:

“மேற்கண்ட பதிவு எண் கொண்ட பின்பக்கப் பிளேட் … ஆம் தேதி இரவு 9 மணிக்கும் மறுநாள் காலை 7 மணிக்கும் இடையில் திருடு போனது. போலீஸ் புகார் எண் …, நகல் இணைத்துள்ளேன். நோட்டீஸில் குறிப்பிட்டுள்ள நேரத்தில் அந்தப் பிளேட் என் வசம் இல்லை. என் வண்டி … இல் நின்றிருந்தது. படத்தில் உள்ள வண்டிக்கும் என் வண்டிக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறித்து அனுப்பியுள்ளேன். நோட்டீஸை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

வண்டி நின்ற இடத்துக்குச் சான்றாக சர்வீஸ் பில், அலுவலகப் பதிவேடு, போனின் இடப் பதிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் சேருங்கள். எல்லாமே நகல்தான், அசலை அனுப்பாதீர்கள். வரும் ஒவ்வொரு நோட்டீஸையும் பற்றி அதே புகார் எண்ணில் போலீஸுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்த ஊரில், எந்த நேரத்தில் அந்தப் பிளேட் திரிகிறது என்று அவர்களுக்குத் தெரியவருவது இப்படித்தான்.

பிளேட் திருடு போகாமலே இப்படி நோட்டீஸ் வருவதும் உண்டு. விற்பனை விளம்பரப் படத்தில் தெரியும் எண்ணைப் பார்த்தே போலிப் பிளேட் அடித்துவிடுவார்கள். அப்போதும் படத்தைக் கேட்பது, கடிதம், போலீஸ் புகார் என்று இதே வழிதான். வண்டியை விற்கப் படம் போடும்போது எண்ணை மறைத்துவிடுங்கள்.

புதுசை மாட்டும்போது

ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் ஸ்க்ரூக்கள் கிடைக்கின்றன. முடுக்கலாம், ஆனால் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியாது. தலை முழுக்க உருண்டையான ரிவெட்டும் சரிதான். ஒட்டும் இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். நெம்பினால் உடைந்துபோகும்படி செய்த பிளேட்டுகள் சில நாடுகளில் விற்கின்றன, கிடைத்தால் வாங்குங்கள். உடைந்த பிளேட் திருடனுக்குப் பயன்படாது. இருசக்கர வண்டிக்கு இது இன்னும் அவசியம், அதில் பிளேட்டைக் கழற்றுவது ஒரு ஸ்பானரில் அரை நிமிட வேலை. பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் கை நுழையாது.

பழைய பிளேட் திரும்பக் கிடைத்தால்

புதரிலோ சாக்கடை ஓரத்திலோ கிடந்ததாக யாராவது கொண்டுவந்து தரலாம். எடுத்து மாட்டிவிடாதீர்கள். அந்தப் பிளேட் இன்னும் திருட்டுப் பட்டியலில் இருக்கும். எண்ணைப் படிக்கும் போலீஸ் கேமராவைக் கடந்ததும் உங்களைத்தான் ஓரம்கட்டுவார்கள். போலீஸில் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த விவரத்தைப் பழைய புகார் எண்ணிலேயே சேர்க்கச் சொல்லி, அதற்கும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிளேட்டை மாட்டிய வண்டியை சாலையில் நேரில் பார்த்தால் துரத்த வேண்டாம். இடம், நேரம், போன திசை மூன்றையும் குறித்துக்கொண்டு அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.