ஆர்எக்ஸ் 100 கிராங்க் பின்: மினுக்கத்தை நம்பாமல் சோதிப்பது எப்படி

யமஹா ஆர்எக்ஸ் 100, 1996-இல் தயாரிப்பு நின்ற பைக், இன்னும் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிராங்க்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்தாச்சு, கிராங்க் பின்னும், அதை பிஸ்டனோடு இணைக்கும் கன்ராடும் (ராடு) கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதுவரை எந்த மெக்கானிக்கும் சொல்லித் தருவார்.

முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதன் பிக் எண்டில், அதாவது ராடு பின்னில் மாட்டும் பெரிய முனையில், தனியாக பேரிங் வளையம் கிடையாது. கேஜில் (ரோலர்களை இடம் மாறாமல் பிடிக்கும் கூண்டு) இருக்கும் ரோலர்கள் நேராகப் பின் மேலும், ராடின் பெரிய கண் உள்ளேயும் உருளும். நடுவில் நிற்கும் ஆயில் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. பரப்பில் உள்ள நுண்ணிய மேடு அதைவிட உயரமாக இருந்தால் இரும்பும் இரும்பும் உரசும், அப்புறம் செதில் செதிலாகப் பெயரும். அதனால்தான் ரோலர் ஓடும் பரப்புக்கு சுமார் 0.2 மைக்ரான் ஆர்ஏ (பரப்பின் சராசரி சொரசொரப்பு), அல்லது அதற்கும் கீழே கேட்கிறார்கள். சாதாரண கிரைண்டிங்கில் 0.4 முதல் 0.8 வரைதான் வரும்.

1. கழுவுங்கள். மண்ணெண்ணெய் போதும். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் ஒட்டும். பழைய காட்டன் வேட்டித் துணி நல்லது.

2. டியூப்லைட் சோதனை. முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். விளக்குக்கு இணையாகப் பின்னைப் பிடித்தால் அதன் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழும். விரலால் மெல்ல உருட்டுங்கள். கோடு அசையாமல் நேராக நின்றால் சரி. நெளிந்தால் பரப்பில் அலை இருக்கிறது. யாரோ எமரி பேப்பர் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். எமரி போட்ட கிராங்க் பின் நன்றாகவே மினுக்கும், ஆனால் வட்டம் கெட்டிருக்கும். நல்ல பின் கருங்கண்ணாடி மாதிரி இருக்கும். ரோலர் ஓடிய பட்டை மட்டும் சாம்பல் பூத்து மங்கியிருந்தால் அது அழுக்கு இல்லை, நுண்குழிகள். நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடு கண்டது. இரண்டில் எது இருந்தாலும் பின்னைத் தூக்கிப் போடுங்கள்.

3. நகம். பட்டையின் ஓரத்தில் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் தேய்மானம் வந்துவிட்டது.

4. லென்ஸ். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் போதும். கம்ப்யூட்டரில் மாட்டும் மலிவு மைக்ரோஸ்கோப்பைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ராடின் கண் உள்ளே டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், குழி இருந்தால் நிழல் விழும்.

5. அளவு. பின்னை மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்குமறுக்காக இரண்டு முறை அளந்து பாருங்கள். ஒரு மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். டிஜிட்டல் வெர்னியர் இங்கே உதவாது, அதன் பிழையே 20 மைக்ரான் வரை போகும். 5 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மாற்றிவிடுவேன்.

"ஒரு கட்டிங் போட்டுக் கொடுக்கிறேன், புதுசு மாதிரி ஆகிடும்" என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம். மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, கட்டிங்கில் அது மெலியும். குறைந்த அளவுக்குத் தகுந்த ரோலரும் எளிதில் கிடைக்காது. ராடு, பின், கேஜ், வாஷர் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள். புதுசையும் இதே டியூப்லைட்டில் பார்த்துவிட்டுத்தான் பிரஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: காசிமேட்டிலிருந்து ஒருவர், கழுவி வைத்த பின்னில் மறுநாளே விரல் ரேகை வடிவில் துரு என்று எழுதியிருந்தார். கடல் காற்றும் கை வியர்வையும் செய்த வேலை. கழுவியதும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) தடவிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ரேகை பதிந்த குழியில் மறுபடி ரோலரை ஓடவிடாதீர்கள்.

புல்லட்டுக்கும் இது பொருந்துமா என்று கேட்ட திருவொற்றியூர் நண்பருக்கு: பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் பிக் எண்ட் பெரும்பாலும் மிதக்கும் புஷ்தான், அதாவது ரோலருக்குப் பதில் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே சுற்றும் உலோகக் குழல். ரோலர் கிட் மாட்டியிருந்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தும்.