கோடையில் கோழிகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். போன வாரம் புதிதாக நாட்டுக்கோழி வாங்கிய ஒரு தம்பி, கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். “குளுகுளுன்னு வச்சிருக்கேன்ணே” என்றான். எனக்குப் பகீரென்றது.

மூடிய கொட்டகைக்குள் தண்ணீர் தெளிப்பது

பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில் நானும் இதையேதான் செய்தேன். அனல்காற்று நுழையக் கூடாதென்று நாலு பக்கமும் தார்ப்பாய், மதியம் குடம் குடமாகத் தண்ணீர். சாயங்காலம் திறந்தால் 11 பெட்டைகள் செத்துக் கிடந்தன. எல்லாம் முட்டையிட்டுக்கொண்டிருந்தவை. மிச்சமிருந்தவை இறக்கையை விலக்கி, கழுத்தை நீட்டி, தொண்டை படபடக்க மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரண நாளிலேயே அதன் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை கொண்டை, தாடி, இறக்கையடி வழியாகச் சூடு வெளியேறும். வெயில் 38, 40 என்று ஏறினால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். அப்புறம் மூச்சு ஒன்றுதான் கதி. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துப்போகும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால்? மழைநாளில் கொடியில் துணி காயாதே, அதே கதைதான். கோழி இன்னும் வேகமாக இரைக்கும், அந்த உழைப்பே மேலும் சூட்டைக் கிளப்பும். நான் ஊற்றிய தண்ணீர்தான் அந்தப் பெட்டைகளைக் கொன்றது.

தண்ணீரைக் கூரைமேல் ஊற்றுங்கள். தகரமென்றால் தென்னங்கீற்று பரப்பி நனையுங்கள். பக்கங்களைத் திறந்து காற்று ஓடவிடுங்கள். தம்பியின் தார்ப்பாயை நானே அவிழ்த்தேன்.

மதியத் தீவனம்

வேண்டாம். செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும். விடியற்காலையும் சாயங்காலமும் போதும்.

தோல்முட்டைக்குக் கிளிஞ்சல் மட்டும் போடுவது

ஓடு கெட்டியாகாமல் தோலோடு வரும் முட்டைதான் தோல்முட்டை. அதற்குக் கிளிஞ்சல் நல்லதுதான். ஆனால் இரைக்கிற கோழி கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியே தள்ளிவிடுகிறது. ஓட்டுக்கான கார்பனேட் அதிலிருந்துதான் உருவாக வேண்டும். முதலில் மூச்சிரைப்பைத் தணியுங்கள், அப்புறம் கிளிஞ்சல்.

குஞ்சுக்கும் இதே கணக்கு போடுவது

தப்பு. பிறந்த குஞ்சுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் சுமார் 35 டிகிரி வேண்டும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம்.